இடது கார்னர்

கிளப் நோட்டில் இருப்பது என் கையெழுத்து.
ஐஸ் கட்டி, இருபது ரூபாய்.
கணுக்கால் டேப் இரண்டு சுருள்.
சீனி இபுறாகீமுக்குச் சென்னை வரை பஸ் சார்ஜ்.
திரும்பிவரக் கொடுக்கவில்லை,
பெட்டியில் அவ்வளவுதான் இருந்தது.

மோர்ப்பண்ணைக் கரையில் விடிந்தால் நண்டு ஏலம்.
கொடுக்கு ஒடியாததற்கு ஒரு விலை,
ஒடிந்தால் கேட்கவே வேண்டாம்.
அன்று சாயங்காலம் கிளப் கொட்டகையில்
போனைச் செங்கல்லில் சாய்த்து வைத்து
எங்கள் ஆட்கள் ஏலம் போவதைப் பார்த்தோம்.
சீனி பதினோரு லட்சம்.
நம்புராஜன் ஒன்பது.
காலையில் நண்டுக்குக் குரல் கொடுத்த லாடசாமி
பீடியை வாயிலிருந்து எடுத்தார்:
"அவசரப்படுறான்டா இவன்.
நானா இருந்தா இன்னும் ரெண்டு ஏத்தியிருப்பேன்."

காரங்காட்டு இன்னாசியை யாரும் கேட்கவில்லை.
பெயர் வந்தது, படம் வந்தது,
மேசைகளில் தண்ணீர் குடித்தார்கள்,
அடுத்த பெயர் வந்துவிட்டது.
அவன் எங்களோடுதான் உட்கார்ந்திருந்தான்.
வண்டிச் சாவியைத் தேடுகிறவன் போல
வெகுநேரம் பையைத் துழாவினான்.
அவனுக்கு வண்டி கிடையாது.

பிறகு யாருக்கோ தோள்பட்டை இறங்கி
நடு சீசனில் அவனைக் கூப்பிட்டார்கள்.
முதல் ரெய்டு போன ராத்திரி
அவன் அப்பாவின் படகு அக்கரையில் நின்றது.
கோடு தாண்டியதாக வழக்கு.
நாங்கள் அவனுக்குச் சொல்லவில்லை.
டிவியில் அவன் கோட்டைத் தாண்டினான்,
மூச்சு விடாமல் பாடினான்,
இரண்டு பேரைத் தொட்டான்,
இரண்டே எட்டில் இந்தப் பக்கம் வந்துவிட்டான்.
எவ்வளவு சுலபம் பாருங்கள், என்றார் வர்ணனைக்காரர்.
கொட்டகையில் ஒரு சத்தம் இல்லை.
அவன் அம்மாதான் முதலில் கைதட்டினாள்,
நண்டு கிழித்த விரல்களால்.
அப்புறம் எல்லோரும் தட்டினோம்,
கொஞ்சம் அதிகமாகவே.

நம்புராஜனின் முழங்கால் வடக்கே எங்கோ போயிற்று.
நனைந்த கயிறு அறுகிற சத்தம்,
எனக்கே கேட்டுச்சு, என்றான்.
ஒப்பந்தத்தில் அதற்கும் ஒரு பத்தி இருந்ததாம்,
இங்கிலீசில், சின்ன எழுத்தில்.
தை மாதம் ஊருக்கு வந்தான்.
மைதானத்துக்கு மட்டும் வரவில்லை.
ஐஸ் கம்பெனி வாசலில் நின்று
நாங்கள் கத்துவதைக் கேட்டுவிட்டுப் போவான்.
நாங்களும் அங்கே அவனைப் பார்க்காத மாதிரி
அடுத்த நாள் டீக்கடையில் பேசுவோம்.

சீனி அனுப்பிய பணத்தில்
பழைய மேட் ஒன்று லாரியில் வந்தது,
துண்டு துண்டாக, எந்த ஊர்க்காரன் வேர்வையோ.
கருவேலம் வெட்டிய உப்புத் தரையில் பொருத்தினோம்.
கச்சான் தொடங்கியதும் ஒரு மூலை கிளம்பிவிட்டது.
இடது மூலை. எப்போதும் அதுவேதான்.
கல் வைத்தால் பயல்களுக்குக் காயம்,
மணல் மூட்டை ஓட்டையாகி மேட்டெல்லாம் மணல்.
ஒருநாள் விளையாட்டு பாதியில் நின்றபோது
எதிரே நம்புராஜன் நடந்து வந்தான்.
யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை.
கெட்ட காலை நீட்டிக்கொண்டு
அந்த மூலைமேல் உட்கார்ந்தான்.
மேட் படுத்தது.

அது முதல் தினமும் வருகிறான், ஐந்தரை மணிக்கு.
பேச்சு குறைவு.
எடை கூடிவிட்டது என்று சீனி போனில் கேலி செய்தால்
காத்துக்கு அதுதான்டா நல்லது என்கிறான்.

நேற்று ஒன்பதாம் வகுப்புப் பயல் ஒருவன்
போனஸுக்குக் கால் நீட்டி
மூலைக்கு மிக அருகே வந்துவிட்டான்.
நம்புராஜன் வேறெங்கோ, கடலையோ எதையோ,
பார்த்துக்கொண்டிருந்தான்.
கை மட்டும் போனது.
கணுக்கால், இரண்டு கையும் கோர்த்து, அசையாத பிடி.
பயல் முகம் குப்புற விழுந்தான்.
விசில் வாயிலேயே இருந்தது, ஊதவில்லை.

அவன் பிடியை விட்டான்.
பயலைப் புரட்டி உட்காரவைத்து
முழங்காலை இரு பெருவிரலாலும் அழுத்திப் பார்த்தான்,
முதலில் வலது, பிறகு இடது.
போ, என்றான். ஒண்ணும் இல்ல.

பாயிண்ட் யாருக்கு என்று
எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள்.
நோட்டு திறந்திருக்கிறது,
காற்று வேறு பக்கம் புரட்டுகிறது.